பின்னால் எடுக்காத பேருந்து

அன்புள்ள அப்பா,

கால்பந்துப் பயிற்சியாளர் வேலையை நீங்கள் விட்டபின் தொலைபேசியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "அம்மாவுக்கு அவ்வளவு முடியலன்னு சொல்லியிருக்கலாமேம்மா?" பதிலை இதில் எழுதுகிறேன்.

பென்சா நகரில் நடந்த ஆட்டத்துக்கு அணியோடு நீங்கள் கிளம்பிய காலை, அம்மா மாலைவரை தாங்கமாட்டாள் என்று மருத்துவர் சொன்னார். மைதானத்துக்கு ஓடி வந்தேன். அணியின் பேருந்து வாசலைத் தாண்டியிருந்தது. ஓட்டுநர் சாவேலி என்னைப் பார்த்து நிறுத்தி, பின்னால் எடுக்கப் போனார்.

"சாவேலி அண்ணே, பின்னால எடுத்தா மூணு கோல் வாங்குவோம். நீங்கதான் கோல்கீப்பரா நிக்கணும்" என்று உள்ளிருந்து ஆட்டக்காரர்கள் கத்தினார்கள்.

ஆட்டத்துக்குப் புறப்பட்ட பேருந்து பின்னால் நகர்ந்தால் தோல்வி. நீங்கள் ஆடிய காலத்திலிருந்தே உள்ள நம்பிக்கை. தோற்றால் உங்கள் வேலை போய்விடும். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அன்று நானும் அதை நம்பினேன். இருபது பேர் என்னையே பார்த்தார்கள்.

"என்னம்மா விஷயம்?" என்று ஜன்னல் வழியே கேட்டீர்கள்.

"ஒண்ணுமில்லப்பா. ஜெயிச்சிட்டு வாங்க."

ஜெயித்தீர்கள். நான்கு மணிக்கு அம்மா கேட்டாள்: "அப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேம்மா. வந்துக்கிட்டே இருக்காரு."

அதன்பின் மூச்சு நிற்கும்வரை அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியாத
உங்கள் மகள்