மீட்டர் காட்டிய நாற்பது

வெள்ளி, இரவு

கொழுந்தன் சேகர் இன்றும் ஆப்பிளோடு வந்தான். போன வாரம் அவன் ஜீப் மோதித்தான் என் கணவர் கால் உடைந்து கட்டிலில் கிடக்கிறார். பென்னாகரம் சாலையின் அந்த வளைவில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது.

"நாப்பதுலதான் வந்தனுங்க அண்ணி. கூட வந்தவன் எடுத்த வீடியோவுல மீட்டரே தெரியுது பாருங்க. அண்ணன்தான் ஸ்கூட்டரக் குறுக்க வுட்டாரு. நீங்க பிசிக்ஸ் டீச்சராச்சே, மீட்டர் பொய் சொல்லுமா?"

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டயர் புதுசா தம்பி?" என்றேன்.

"போன மாசம் சேலத்துல போட்டனுங்க. பெரிய சைஸ். வண்டி யானையாட்டம் நிக்குதில்ல!"

அவன் காபி குடிக்கும்போது வெளியே போய் டேப் வைத்து அளந்தேன். பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி இன்னும் பழைய அளவுதான். அதைவிடப் புது டயரின் சுற்றளவு கால் பங்கு அதிகம். மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்றுதான் அது பார்க்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய டயரின் தூரத்தையே கணக்கில் வைக்கும். அது நாற்பது காட்டியபோது ஜீப் ஐம்பதில் வந்திருக்கிறது.

அவனிடம் சொல்லவில்லை.

"நாப்பதுலதான் வந்தேன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருங்க தம்பி. வீடியோவையும் குடுங்க."

"அண்ணியே சொல்லிட்டீங்க, நாளைக்கே குடுத்தர்றனுங்க" என்று சிரித்துக்கொண்டே போனான்.

கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகுதான் நான் இந்த டயர்க் கணக்கோடு ஸ்டேஷனுக்குப் போவேன். இவரிடமும் சொல்லப்போவதில்லை. தம்பியாயிற்றே என்று இளகி, இவரே போன் செய்து அவனைத் தடுத்துவிடுவார்.