கச்சைக் கொக்கி

செம்புழுதிக் குலம்,
சின்ன நிலா தேயத் தொடங்கிய நாள்

என் மச்சான், வெண்முள் குலத்து வீரன் யெஸ்ரினுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு யார் வாயிலாவது நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என் சண்டைக் கச்சை எனக்கு எட்டவில்லை. மூத்தவர்கள் ஈட்டியை நட்டு என் பெயரைச் சொன்னதும், குலமே பார்க்கக் கச்சையை எடுத்துக் கட்டினேன். மூச்சை உள்ளே இழுத்தேன், ஆள் வைத்தும் இழுத்தேன். கொக்கி தொப்புளைத் தாண்டவில்லை. உன் தங்கை அமாஷி இடுப்பில் குடத்தோடு நின்று, "எதிரி எதுக்கு? கச்சையே கொன்னுடும்" என்றாள். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து உப்பு வியாபாரி வந்தான். உங்கள் குலத்தில் நட்ட ஈட்டிக்கு உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அமாஷி குடத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

ஒற்றைக்கண் கிணறு யாருக்கு என்று அடித்துக்கொள்ள நீயும் நானும்தானா கிடைத்தோம்? வேறு ஆளைப் போடச் சொல்லிப் பார்த்தேன். நட்ட ஈட்டிக்குச் சொன்ன பெயரை மாற்றும் வழக்கமே இல்லை என்கிறார்கள். ஒருவன் சாகும்வரை இரண்டு குலமும் முறைவைத்து இறைக்கலாமாம். செத்தவன் குலம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தெற்கே போய்விட வேண்டுமாம்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உப்பு வியாபாரி பாதி எழுத்து சொல்லிக்கொடுப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

உன் தங்கையிடம் மாட்டிக்கொண்ட
தாருக்


வெண்முள் குலம்,
சின்ன நிலா பாதியான நாள்

அன்பு மாப்பிள்ளைக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் தொப்பையும் நலம் என்று அறிந்தேன்.

இங்கே ஒரு தொல்லை. எண்ணெய் விற்க வந்த ஒருவனின் பேரோணான் எங்கள் தொட்டியில் வாய் வைத்துவிட்டது. நாங்கள் இறைத்த தண்ணீரை அவன் வாகனம் குடித்ததால் அவன் எங்கள் விருந்தாளி ஆகிவிட்டான். அடுத்த மழை வரைக்கும் நாங்கள் அவன்மேல் கை ஓங்கக் கூடாது, அவனும் எங்கள்மேல் ஓங்கக் கூடாது. சோறு மட்டும் போட வேண்டும். கடைசி மழையில் பிறந்த என் மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. எண்ணெய்க்காரனோ என் பங்கு முள்பழத்தையும் சேர்த்துத் தின்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். சண்டையில் கேடயத்தை இடப்பக்கம் தாழ்த்திப் பிடிப்பேன். யாருக்கும் தெரியாது. நீ ஒரே குத்தாகக் குத்திவிடு. என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகனும் ஆளாகிவிட்டான். தெற்கிலும் ஊற்று உண்டு, தூரம்தான். அமாஷி அழுவாள். ஆனால் அண்ணனுக்காக அழும் அழுகை புருஷனுக்காக அழுவதைவிடச் சீக்கிரம் ஆறும்.

இதை அவளிடம் சொல்லாதே.

யெஸ்ரின்


செம்புழுதிக் குலம்,
சின்ன நிலா கீற்றான நாள்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கிழவியின் முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கு நீ சீராகக் கொடுத்த பேரோணான்தான். குணம் மாறவில்லை, கண்டதையும் மெல்கிறாள்.

கேடயத்தைத் தாழ்த்தும் யோசனை என்னுடையது. எங்கே திருடினாய்? நான் வலப்பக்கம் என்று வைத்திருந்தேன். இப்படியே போனால் இருவரும் கேடயத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, 'நீ குத்து, நீ குத்து' என்று பொழுது சாயும்வரை நிற்போம்.

சாகப் பயமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் உன் முகத்தைப் பார்த்துக் குத்துவதற்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. இதை விளையாட்டாக எழுதவில்லை.

கடிதத்தை அமாஷிக்கு வாசித்துக் காட்டினேன். சொல்லக் கூடாத இடத்தைத் தாண்டப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

"சாவறதுலயும் போட்டியா? ரெண்டு பேருக்கும் பெரிய மனசுதான். மண்ணு தள்ளப்போறவ நான்."

பிறகு எண்ணெய்க்காரன் கதையை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதில் என்ன ருசி கண்டாளோ.

தாருக்


ஒற்றைக்கண் கிணற்றடி,
சண்டை நாள், விடியல்

மச்சானுக்கு,

இது முறைப்படி எழுதும் கடிதம். உங்கள் மூத்தவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

நேற்று கிழவிக்குத் தண்ணீர் காட்ட அமாஷி மறந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் மறந்ததில்லை. தீவனத்திலும் உப்பு கொஞ்சம் கூடிவிட்டதாம். கட்டிய முடிச்சும் சரியாக விழவில்லை. அவள் போட்ட முடிச்சை இதுவரை மணற்புயலும் அவிழ்த்ததில்லை. அந்தி நேரத்தில் கிழவி உங்கள் பக்கம் வந்து, நீங்கள் இறைத்து வைத்திருந்த தொட்டியைக் குடித்துத் தீர்த்திருக்கிறாள். உங்கள் காவல்காரர்களே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே நான் உங்கள் விருந்தாளி. அடுத்த மழை வரை உன்மேல் நான் ஈட்டி ஓங்க முடியாது, என்மேல் நீயும் ஓங்க முடியாது. சொன்ன பெயரையும் மாற்ற முடியாது. அதுவரை கிணற்றை முறைவைத்து இறைக்க வேண்டியதுதான். எங்கள் மூத்தவர்கள் இராத்திரி முழுக்கப் பேசிப் பார்த்தார்கள், வேறு வழி அகப்படவில்லை.

என்ன இப்படிச் செய்துவிட்டாய் என்று அமாஷியைக் கேட்டேன். அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மழை வர்ற மாதிரி தெரியலையே" என்றாள்.

மதியச் சோற்றுக்கு வந்துவிடுவேன். எண்ணெய்க்காரனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்.

உன் விருந்தாளி
தாருக்

பின்குறிப்பு: தொட்டி அருகில் காயப்போட்டிருந்த உன் சண்டைக் கச்சையைக் கிழவி தின்றுவிட்டாள். கொக்கியை மட்டும் துப்பினாள். கழுவி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.