தடவிப் பார்க்க ஒரு காசு

என் காசுப் பைத்தியத்துக்கு,

இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் நர்ஸ் தங்கை குரலை ஏற்றியே படிக்கட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை!

ஆறு வருடமாக நீங்கள் தேடிய குதிரைக் காசு இணையத்தில் மூன்று கடைகளில் இருந்தது. எதில் வாங்குவதென்று உங்களைக் கேட்காமல் நானே முடிவு செய்தேன். முதல் கடையின் படம் பளபளவென்று இருந்தது. ஆனால் அதே படம் வேறு நாலு இடத்திலும் இருந்ததால் தள்ளிவிட்டேன். மற்ற இரண்டு கடைக்கும் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன்: "தடவிப் பார்த்தா குதிரை தெரியுமா?"

ஒருவர் சிரித்துவிட்டார். "பெரிய படமா அனுப்புறேன் மேடம், கண்ணாலயே பாருங்க." வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

இன்னொரு கடைக்காரம்மா, "இருங்க" என்றார். திரும்பி வந்து சொன்னார்: "கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பார்த்தேங்க. பிடரி நல்லாத் தெரியுது, முன்னங்கால் ஒண்ணு தேஞ்சிருக்கு. பிடிக்கலைன்னா பத்து நாள்ல திருப்பி அனுப்பிடுங்க." யாருக்கென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கேயே வாங்கிவிட்டேன்.

இன்று காலை காசு வந்துவிட்டது! விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது என்று என்னை எத்தனை தடவை திட்டியிருப்பீர்கள்? அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டேன்.

சனிக்கிழமை கொண்டுவருகிறேன். உங்கள் கண் கட்டை அவிழ்த்த பிறகு டாக்டர் என்ன சொன்னாலும் சரி, அடுத்த காசைச் சேர்ந்தே தேடுவோம். திரையில் இருப்பதை நான் சொல்கிறேன், பேரத்தை நீங்கள் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் புதுக் கூட்டாளி