வேலியில் நிற்கிற டீசல்

மச்சான்,

காலையில் வேலியை வெட்டும்போது காட்டாமணக்குப் பால் சட்டையில் பட்டுவிட்டது. துவைத்தாலும் போகாத கறை. உம் தங்கச்சி என்னைத் திட்டி முடிப்பதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. எத்தனால் ஆலையின் ஆள்.

"அண்ணாச்சி, நம்ம நாடு இனிமே வெளிநாட்டு எண்ணெய நம்பி இருக்கக் கூடாது. நீங்க மக்காச்சோளம் போடுங்க, அதுலதான் பெட்ரோலுக்குக் கலக்க எத்தனால் எடுக்கப் போறோம்" என்றான். ஒப்பந்தக் காகிதத்தையும் நீட்டினான்.

பல வருஷத்துக்கு முன்னால் குருவிகுளத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் பந்தல் போட்டு இதையேதான் சொன்னார்கள். அப்போது காட்டாமணக்கு, அதன் விதையில் டீசல் எடுப்பார்களாம். டை கட்டியிருந்தவர் "இதுல ஆடு வாய் வைக்காது" என்றதும் நீரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வருஷா வருஷம் ஆட்டுக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிற நமக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? உளுந்து போட வேண்டிய கரிசலில் அதை நட்டோம். காய் வெடித்தது, வாங்குவதாகச் சொன்னவர்களைக் காணோம். சங்கரன்கோவிலில் அவர்கள் திறந்த ஆபீஸைத் தேடி மூட்டையோடு பஸ்ஸில் போனோம். அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. நீர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தீர். "ஆடு திங்காதத நாம தின்னுட்டோம்வே" என்றீர். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அதன்பிறகு உமக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்க்காமல், போடுகிறவன் முகத்தையே பார்ப்பீர். டீவியில் எண்ணெய்க் கப்பலைக் காட்டினால்கூட "உள்ள எண்ணெய்தான் இருக்கா?" என்பீர். நான் கேலி செய்வேன்.

இன்றைக்கு என் வாயிலேயே அந்தச் சந்தேகம் வந்தது. "ஆலை வாங்கலன்னா நாங்க கோழிப்பண்ணைக்கு வித்துக்கலாமா தம்பி?"

"அது முடியாது அண்ணாச்சி. விதை நாங்க தாரோம்லா? வேற யாருக்கும் விக்கக் கூடாது."

பார்த்தீரா மச்சான்? நாடு யாரையும் நம்பியிருக்கக் கூடாதாம்; நான் மட்டும் இவர்களை நம்பியே இருக்க வேண்டுமாம். கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன்.

"எங்க அண்ணன் செத்துப் போயும் இந்த வீட்டுல சந்தேகம் போகல. ஊரே கையெழுத்துப் போட்டாச்சி" என்று உம் தங்கச்சி பாத்திரத்தை உருட்டுகிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆலை ஒழுங்காக வாங்கினால் ஊர் பிழைத்துக்கொள்ளும், நான்தான் கிறுக்கன். ஆனாலும் இந்த முறை உளுந்துதான் விதைக்கப் போகிறேன். நீர் இருந்தால் "விதையும்வே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர். உம் சந்தேகத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர், சரி. ஒற்றை ஆளாகச் சந்தேகப்படுவதுதான் பெரிய பயமாக இருக்கிறது, மச்சான்.