கதையில் நான் மாற்றிய ஆள்

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், எனக்கு இப்போது சமாதானம் வேண்டாம், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முதலில் ஒன்று. நான் கதை சொல்லி வாட்ஸப்பில் அனுப்பிய பதிவை உன் பல்கலைக்கழகக் கூட்டத்தில் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னாய். போடாதே. போட்டுவிட்டாய் என்றால் அந்தக் கதையில் பொய் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிடு.

தை மாதம் நீ வந்து அடிபம்பு, ஆழ்துளைப் போர் என்று ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்துச் சோதித்தாய், முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எண் எண்ணாகப் படித்தபோது பாதிப்பேர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். நீ அங்கே திரும்பிப் போன பிறகு எனக்குப் போனில் சொல்லிக்கொடுத்தாய், அட்டவணையை யாரும் கேட்கமாட்டார்கள் அம்மா, ஒரு ஆளை எடுத்துக்கொள், அவளுக்கு ஓர் ஆசை வை, ஓர் இடைஞ்சல் வை, கேட்கிறவர்கள் தானாக அவள் பின்னால் வருவார்கள் என்று. விஞ்ஞானிகளுக்கே இதற்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது என்றாய். அங்கன்வாடியில் கதை சொல்லியே பிள்ளைகளுக்குச் சத்துமாவு ஊட்டுகிறவளுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. ஆளை எடுப்பதில்தான் தவறினேன். நீ கண்டுபிடித்தது என்ன, ஆழத்தில் மோட்டார் இறக்கி ஓயாமல் உறிஞ்சுகிற பெரிய போர்களால் கடல் உப்பு உள்ளே வருகிறது, அது ஏறுவது நம்மைப் போன்றவர்களின் அடிபம்பில். இந்தக் கடைமடையில் அந்தப் போர்கள் யாருடையவை என்று உன் வரைபடத்தைப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். தென்னந்தோப்பும் அரிசி ஆலையும் வைத்திருக்கிற இராஜாங்கத்துடையவை. அந்த ஆலையில்தான் உன் அப்பா மூட்டை எடை போடுகிறார். ஆகவே கதையில் பேராசைப்பட்டுத் தண்ணீரை இறைக்கிற ஆளாக அவரை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பெண்ணை வைத்தேன். பொன்னி என்று பெயர் கொடுத்தேன், புருஷன் திருப்பூரில், இரண்டு மா குத்தகை நிலம், தண்ணீர் இறைக்க ஒரு பழைய ஆயில் என்ஜின், மகளுக்குத் தோடு வாங்கும் ஆசையில் கோடையிலும் நெல் போடுகிறாள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். புருஷனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு இந்தக் கோடையில் நெல் போட்டவள் நம் ஊரில் ஒருத்திதான், நீலாம்பாள்.

நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டுகிற பெண்களிடம் சாப்பாட்டு நேரத்தில் முதலில் சொன்னேன். கதை நன்றாக வந்தது, அதுதான் கொடுமை. பக்கத்து வீட்டுக் குழந்தை உப்புத் தண்ணீரைத் துப்புகிற இடத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பொன்னி மனம் மாறி என்ஜினை நிறுத்துகிறாள், அடுத்த மழையிலேயே பம்பில் தண்ணீர் இனிக்கிறது என்று முடித்தேன். அப்போதே ஒருத்தி, நம்ம நீலாம்பா கதையில்ல இது என்று சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்து மழுப்பினேன். விஷயம் இராஜாங்கம் காதுக்குப் போனது. அவரே ஆள் அனுப்பி, கோயில் கூட்டத்தில் மைக் கொடுத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, தமிழ்நிலா, உன்னிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன். முடிந்ததும் அவர் எழுந்து, "டீச்சரம்மா சொன்னது வெறும் கதை இல்ல, வெளிநாட்டுல படிக்கிற புள்ள கண்டுபுடிச்சது. ஊர்த் தண்ணிய ஒருத்தர் கெடுக்க நாம பாத்துக்கிட்டு நிக்கிறதா" என்றார். மறுநாள் நாலு ஆண்கள் போய் நீலாம்பாள் என்ஜினின் பெல்ட்டைக் கழற்றி எடுத்து வந்து அவரிடம் கொடுத்துவிட்டார்கள். நெல் பால் பிடிக்கிற நேரம். அன்றைக்கும் அவர் தோப்பில் மூன்று போர்த் தண்ணீரும் தொட்டியில் கொட்டிக்கொண்டுதான் இருந்தது, அங்கன்வாடி வாசலில் நின்றால் சத்தம் கேட்கும்.

பெல்ட்டைக் கேட்டு இராஜாங்கம் வீட்டுக்குப் போனேன். உட்காரவைத்து மோர் கொடுத்தார், அந்தப் பொண்ணு நிறுத்தினதும் தண்ணி இனிச்சுதுன்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க என்று சிரித்தார். பெல்ட் இல்லாமலே எழுந்து வந்தேன். அங்கிருந்து நேராக நீலாம்பாள் வயலுக்குப் போனேன். வாய்க்கால் பள்ளத்தில் தேங்கியிருந்ததைக் குடத்தில் மொண்டு வந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், நெல்லுக்குக் குடத்தில் ஊற்றி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா. கீழ்ப்பாதி வெளுத்துவிட்டது. யாரை மனதில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், பயந்து யாரை வைத்தேன் என்று அத்தனையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "என் என்ஜின் நின்னுபோச்சுல்ல டீச்சர், பம்புத் தண்ணி இனிக்குதா? குடிச்சுப் பாத்தீங்களா?" என்றாள். பெரிய போர்களை இன்றைக்கே நிறுத்தினாலும் உப்பு குறையப் பல வருடம் ஆகும் என்று நீ என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாய். முடிவு சப்பென்று இருக்குமே என்று நான் அதை விட்டுவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஒரு ஆளை எடுத்துக்கொள் என்கிறார்களே, அந்த ஆளை எப்படி எடுப்பது என்று உங்கள் வகுப்பில் யாராவது சொல்லித் தருகிறார்களா? மில் சம்பளத்தில் சாப்பிடுகிறவள் கை, திருப்பிக் கேட்க முடியாதவள்மேல்தானே போய் விழும். உன் அட்டவணையில் இராஜாங்கம் இருந்தார், மூன்று போரும் எண்ணோடு இருந்தன. கதையாக்கும்போது நான்தான் அவரை வெளியே எடுத்தேன். ஆனால் வகுப்பைக் குறை சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. வாய் என்னுடையது.

மே தினத்தன்று கிராம சபை. எழுந்து நின்று அதே கதையை அவர் பெயரோடும் உன் எண்களோடும் சொல்லப்போகிறேன். உனக்கு நடந்ததை நீயே பேசுகிறாயா என்று நீலாம்பாளிடம் கேட்டேன். "நான் சொன்னா பொறாமைம்பாங்க. நீங்க சொன்னாத்தானே அது ஆராய்ச்சி. முன்னாடிதான் உக்காந்திருப்பேன், பேரை முழுங்கினீங்க, எந்திரிச்சுக் கேட்டுடுவேன்" என்றாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மறுநாளே மில்லுல நின்னுக்கச் சொல்லிடுவாங்க, தெரியுமில்ல என்றார். தெரியும் என்றேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார், அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. முதலில் நீலாம்பாள், இப்போது அவர், நான் வாய் திறக்கும்போதெல்லாம் வேறு யாரோதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டால் மேல்பாதி வயலும் போகும்.

எந்தப் போரில் எவ்வளவு இறைக்கிறார்கள், எந்தப் பம்பில் எவ்வளவு உப்பு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. பல வருடம் ஆகும் என்பதையும் மழுப்பாமல் எழுது. நீ அங்கே கதை சொல்வதை வேண்டாம் என்று சொல்லவில்லை, யாருடைய கதையோ அவரிடம் ஒரு வார்த்தை முதலில் கேள், அவ்வளவுதான். கும்பகோணத்தில் உன் அத்தை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, கூப்பிட்டு விசாரி, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். பட்டினி கிடந்து படிக்காதே. நல்ல படிப்பும் நல்ல உடம்பும் வாய்த்து, என்னைப் போலப் பயப்படாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. கிராம சபை முடிந்த அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு. அவர் எதுவும் பேசாவிட்டாலும் போனை வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் லைனில் இரு.

உன் அம்மா
செந்தாமரை