அலாரத்துக்குப் போட்ட தொப்பி

பின்வீட்டில் யாரோ செத்தல் மிளகாய் வறுக்கிறார்கள். யன்னலைச் சாத்தியும் மணம் உள்ளே வந்துவிட்டது. இரண்டு தரம் தும்மினேன். மூன்றாவது தும்மல் அழுகையாகிப் போனது. வேறு யாரிடம் போய்ச் சொல்ல? உமக்குத்தான் எழுதுகிறேன்.

அன்றும் மிளகாய்தான். மனோர் பார்க்கில், உமது குசினியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்குமாகக் கறித்தூளுக்கு வறுத்தோம். தொடங்கமுதல், படிக்கட்டடியில், தலைக்கு மேலே தாழ்ந்த முகட்டில் இருந்த புகை அலாரத்துக்கு நான் ஒரு தொப்பி மாட்டினேன். தலை நனையாமல் குளிக்கப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. எங்கள் ஆட்களின் வீடுகளில் மாட்டாதவர் யார்? மல்லி கொஞ்சம் சிவந்தாலே அது ஊரைக் கூட்டிவிடுமே.

"நெட்டைக்கொக்கு, உமக்குத்தான் அது எட்டும். போகேக்க கழட்டிப்போட்டுப் போம்," என்றீர். உமது முழங்கால் உம்மைக் கதிரையில் ஏறவிடாது. "ஓம், ஓம்" என்றேன். பிறகு பஸ் வருகிறதென்று தூள் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். விசரி நான், விசரி! தூளை மறக்கவில்லை.

செவ்வாய் காலை, முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து மேலே படுத்திருந்தீர். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கீழே துணி காயவைக்கிற மெஷின் பற்றிக்கொண்டது. அலாரம் அடிக்கவில்லை. தொப்பி உருகி அடையாளமே இல்லாமல் போயிருந்தது. பற்றரி செத்திருக்கும் என்று சனம் சொன்னது. உமது செத்தவீட்டில் மகள் என் தோளில் விழுந்து, "அன்ரி, நான் பற்றரி மாத்தியிருக்கவேணும்," என்று குழறினாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒரு வருடம் வாய் திறக்கவில்லை.

இந்தத் தை மாதம்தான், எங்கள் தெருக்களுக்கென்று ஒரு தீக்காவல் குழு தொடங்கலாம் என்று சனத்தைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டேன். வீடு வீடாகப் போய் அலாரம் பார்க்கவேண்டும்; சட்டி பற்றினால் தீப்போர்வை போடப் பழக்கவேண்டும்; தீயணைப்பு வண்டி வரமுதல் நடக்க ஏலாதவர்களை வெளியே கொண்டுவரவேண்டும். சம்பளமில்லாத வேலை. பலசரக்குக் கடை ராசன் அண்ணை சிரித்தார்.

"தங்கச்சி, நெருப்பணைக்க அவங்கள் இருக்கிறாங்கள்தானே. அலாரத்தை மூடாமல் இந்த நாட்டில மீன் பொரிக்க ஏலுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கதிரைகளை அரக்குகிற சத்தம் கேட்டது. அவர்கள் எழும்பிப் போனால் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தது.

"போன வருசம் நெருப்பில போனாவே, அவவின்ர அலாரத்தை மூடினது நான்தான்," என்றேன்.

தொப்பியை, பஸ்ஸை, எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற உமது மகள் கேத்திலை வைத்துவிட்டு, கோட்டையும் எடுக்காமல் வெளியே போனாள். ராசன் அண்ணைதான் முதலில் பெயர் எழுதினார். அவருக்குப் பின் பத்துப் பேர். நான் நினைத்த குழு கிடைத்தது. உமது பிள்ளை அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

போன சனிக்கிழமைப் பட்டியலில் உமது வீடு இருந்தது. திருத்திய வீட்டில் அவள் தனிய இருக்கிறாள். "நான் போறன், நீர் நில்லும்," என்றார் ராசன் அண்ணை. நான் கேட்கவில்லை. கதவைத் திறந்தவள் விலகி நின்றாள். அதே இடத்தில் புது அலாரம். எட்டிப் பொத்தானை அமத்தினேன். காது கிழியக் கத்தியது. கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதேங்கோ, அன்ரி," என்றாள். "கத்தட்டும்."

கை கடுக்கக் கடுக்க அமத்திக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நீர் எழும்பி இறங்கி வருவீர் என்பதுபோல, படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐயோ, எனக்கு மன்னிப்பு வேண்டாம். அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். மிளகாய் மணம் கூடிக்கொண்டு வருகிறது. பின்வீட்டிலும் அலாரத்தை மூடியிருப்பார்கள். வறுத்து முடியும்வரை வாசலில் நின்றாவது, மூடினதைக் கழட்டிப்போட்டு வரவேண்டும்.

நான் போறன். எனக்கு எட்டும்.