முன் அறை யார் கணக்கில்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னாடியே மழையைச் சொல்லிவிடுகிறது. போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருமிச் சமாளித்தேனே, அது இருமல் இல்லை. இந்த நாட்டுலதான் புருஷன் பெண்டாட்டி சேர்ந்தும் வரிக் கணக்குப் போடலாமே, இந்த வருஷம் உனக்கும் அப்பாவுக்கும் சேர்த்துப் போடவா, தனித்தனியாப் போடவா, தனியாப் போட்டா உன் விலாசம்னு எதைம்மா போடறது என்று நீ சாதாரணமாகத்தான் கேட்டாய், எனக்குத்தான் எந்த விலாசத்தைச் சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உன் சித்தி வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் கடிதம், இதை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது.

சித்திக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனபோது துணைக்கு என்று சொல்லித்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் குணமாகி மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்க ஆரம்பித்த பிறகும் நான் துணைக்கு இருந்துகொண்டே இருந்தேன். காரணம் உனக்குத் தெரியும், மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியும், நல்ல மனிதர்கள், யாரும் வாயைத் திறந்து கேட்டதில்லை. அப்பா பஸ் ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இனிமேல் நான் எல்லாருக்கும் கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கப்போறேன் என்றாரே, அன்றைக்கு எனக்கு வந்த கோபம் காருக்காக இல்லை. வேலைக்காகவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்.

சரி, அந்தப் பழைய கதையை விடு. வரிச் சலுகை கேட்க, வீட்டில் எந்த இடமாவது தொழிலுக்குப் பயன்படுகிறதா என்று நீ எங்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாக எழுதிக் கேட்டாய். முன் அறை அப்பாவின் வகுப்பு அறை என்று நான் எழுதினேன். சாயங்கால நேரத்தில் நான் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் உடைந்த கண்ணாடிகளைச் சரிபார்க்கும் மேஜையை எப்போதோ மூலையில் தள்ளிவிட்டு, சாலை விதிப் படங்களை மாட்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ அது அம்மாவின் வேலை அறை என்று எழுதியிருக்கிறார். மத்தவங்க எனக்கு எனக்குன்னு சண்டை போடுவாங்க, நீங்க ரெண்டு பேரும் உனக்கு உனக்குன்னு தள்ளிவிடறீங்க, யாராவது நேர்ல பாத்துச் சொல்லுங்கம்மா என்று நீ போனில் சிரித்தாய். சிரிப்புக்கு நடுவே உன் குரல் கொஞ்சம் கம்மியதும் எனக்குக் கேட்டது, பெற்றவளுக்குக் கேட்காதா. அதனால் லீவு நாளில் சாவியை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குப் போனேன்.

என் மேஜை விட்ட இடத்திலேயே இருந்தது. குட்டித் திருப்புளிகள் சின்னது பெரியது என்று நான் வைத்த வரிசையிலேயே இருந்தன, விளக்கின் மேல் துணி போர்த்தியிருந்தது, தையல்காரர் கொடுத்த ஒரு கால் இல்லாத கண்ணாடிகூட அப்படியே கிடந்தது, பாவம் அந்த மனிதர் இத்தனை நாள் எப்படி ஊசியில் நூல் கோத்தாரோ. தூசி மட்டும் துளிக்கூட இல்லை, தினமும் துடைத்து வைத்திருக்கிறார். அப்போதுதான் சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸம்மாவும் பேக்கரிக்காரர் ஒருவரும் அடுப்போரமாக ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒரு தட்டு, அதுதான் ரவுண்டானா. டப்பா மூடிகள் கார்கள். என் நல்ல கரண்டி பஸ். கரண்டி பெரிய வண்டி, அதுக்கு வழி விட்டுத்தான் நீங்க திரும்பணும் என்று அப்பா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முன் அறை சும்மாதானே இருக்கு, அங்க வச்சுச் சொல்லிக்குடுத்தா என்ன என்றேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல் கரண்டியை நகர்த்திக்கொண்டே, அது உன் இடம், உன்னைக் கேக்காம எப்படி என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இந்தப் புத்தி கார் வாங்கறப்ப எங்க போச்சு என்று கேட்டேவிட்டேன். நர்ஸம்மா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்புதான் என்றார் அப்பா, அவர்களுக்கு முன்னாலேயே.

மறுநாள் இரண்டு பேரும் மருந்துக் கடை மாடியில் இருக்கிற ஆடிட்டரிடம் யோசனை கேட்கப் போனோம். சேர்த்துப் போட்டா கொஞ்சம் மிச்சமாகும், ஆனா சாரோட தொழில் புதுசு, நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா ரெண்டு பேருமே பதில் சொல்லணும், தனித்தனியாப் போட்டா அவங்கவங்க பாடு என்று அவர் விளக்கினார். அப்பா வாயைத் திறந்தார், சட்டென்று மூடிக்கொண்டார், என் பக்கம் திரும்பி, நீ சொல்லு என்றார். ஆடிட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், நானோ அந்த நீ சொல்லு என்பதையே மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சேர்த்து என்று சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி, உனக்கும்தான். ஆனால் அப்பாவின் ரசீதெல்லாம் கார் டாஷ்போர்டுக்குள் திணித்துக் கிடக்கிறதை நான் பார்த்திருக்கிறேன், அதை நம்பிக் கையெழுத்துப் போட நான் தயாரில்லை. தனித்தனியாவே போடலாம் என்றேன். அப்பா முகம் சுருங்கிப்போனது, எனக்கே அடப்பாவமே என்றிருந்தது. கீழே வந்து காரில் ஏறியதும், தங்கச்சி வீட்டுலதானே இறக்கி விடணும் என்று மெதுவாகக் கேட்டார். ஆமா, என் பெட்டி அங்கதானே இருக்கு, எடுக்க வேணாமா என்றேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிக்னல் பச்சையான பிறகும் அப்படியே நின்றார், பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனிதர்.

முன் அறையை இந்த வருஷம் யார் கணக்கிலும் சேர்க்காதே, ஒருவரும் உட்காராத அறைக்குச் சலுகை கேட்பது நியாயமில்லை. அடுத்த வருஷத்துக்குப் பாதியை அவருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், ஆனால் அதை அவர் வாயால் கேட்கட்டும், நானாகச் சொல்லமாட்டேன், நீயும் சொல்லிவிடாதே. நீங்களும் உங்கள் கணக்கைச் சேர்த்தோ பிரித்தோ எப்படி வேண்டுமானாலும் போடுங்கள், ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, கண்ணாடிக் கடைக்காரி சொல்கிறேன், கேள். இரண்டு பேரும் மனசு ஒத்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். மறக்காதே குட்டி, கணக்கு தனித்தனி, இரண்டிலும் விலாசம் மட்டும் நம் வீட்டு விலாசம்.

உன் அம்மா